ஏழு அலுவலகங்கள், ஒரு குழந்தை

2022 நவம்பரில் திருநின்றவூரில் ஒரு தனியார் பள்ளியின் மாணவ மாணவியர் வகுப்பைப் புறக்கணித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் என்று புகார், அதுவும் பள்ளித் தாளாளர் மீதே. பெற்றோர் திரண்டார்கள், போலீஸ் வந்தது, கல்வித்துறை அதிகாரிகள் வந்தார்கள். போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவாகி, தலைமறைவாக இருந்த தாளாளர் பிறகு கைதானார். குற்றம் நடந்ததா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: அந்தப் பிள்ளைகள் ஏன் போராட்டத்துக்கு வர வேண்டியிருந்தது?

பள்ளிக்குள் புகார் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், அதற்கு மேல் நிர்வாகம். நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர் மீதே புகார் என்றால் அந்த வழி அங்கேயே முட்டி நின்றுவிடும். வெளியே வேறு வழிகள் இல்லாமல் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098 உண்டு, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 உண்டு, திருவள்ளூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு, குழந்தைகள் நலக் குழு உண்டு. இத்தனையும் காகிதத்தில் இருக்க, பிள்ளைகளின் கண்ணில் பட்டது போராட்டம் ஒன்றுதான்.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். 2021-ல் பேரூராட்சி நகராட்சியானது. வட்டம் ஆவடி, மாவட்டம் திருவள்ளூர், ஆட்சியரும் குழந்தைகள் நலக் குழுவும் திருவள்ளூரில். போலீசோ 2022 ஜனவரி 1 முதல் ஆவடி மாநகர ஆணையரகத்தின் கீழ். ரயில் நிலைய நடைமேடையில் ஏறிவிட்டால் ரயில்வே பாதுகாப்புப் படையும் இருப்புப்பாதை காவலும். பள்ளி கல்வித்துறைக்கு, தடுப்பூசி சுகாதாரத்துறைக்கு, அங்கன்வாடி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளுக்கு. காவல், ஆட்சியர், நகராட்சி, கல்வி, சுகாதாரம், அங்கன்வாடி, ரயில்வே என்று எண்ணினால் ஏழு வருகிறது. ஒரே தெருவில் விளையாடும் குழந்தைக்கு ஏழு அலுவலகம். எதற்கும் அந்தக் குழந்தை முழுதாகச் சொந்தமில்லை.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கற்பனைதான், ஆனால் சி.டி.எச். சாலையில் விடிகாலையில் கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏரிக்கரைப் பக்கம் வாடகை வீடு. அப்பாவுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை, அம்மாவுக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட். பத்து மாதக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எட்டாவது படிக்கும் அக்கா. பள்ளியில் அவள் வாரத்துக்கு இரண்டு நாள் வருவதில்லை. ஆசிரியர் செல்போனில் வருகைப்பதிவைப் போட்டுவிடுகிறார், அது கல்வித்துறையின் எமிஸ் பதிவில் ஏறுகிறது. அங்கன்வாடியில் குழந்தையை எடை போடும்போது போன மாதத்தைவிட 300 கிராம் குறைவு. டீச்சரம்மா அதைப் போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை. நர்சம்மா பதிவில் அது விடுபட்டதாகக் காட்டுகிறது. இதற்கிடையே பகல் நேரத்தில் அந்த வீட்டுக்கு ஒருவர் அடிக்கடி வந்துபோகிறார் என்பது எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மூன்று செயலியிலும் தகவல் சரியாகவே இருக்கிறது. யாரும் வேலையில் தவறவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். நாலையும் ஒரே மேசையில் வைத்தால்தான் அந்த வீட்டில் ஒரு சிறுமியும் ஒரு கைக்குழந்தையும் நாள் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் இருப்பது தெரியும். அந்த மேசை எங்கே இருக்கிறது, அதைக் கூட்டுவது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, அவளை வளர்த்தவர்களின் சித்திரவதையில் செத்துப்போனாள். சமூக நலத்துறை, இரண்டு மருத்துவமனை, போலீஸ், ஒரு பெரிய தொண்டு நிறுவனம் என எல்லோருக்கும் அவளைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. லார்டு லேமிங் தலைமையிலான விசாரணை 2003-ல் அறிக்கை கொடுத்தபோது, அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கைநழுவின என்றது. அதன்பிறகு அந்த நாட்டில் 2004-ல் சட்டம் திருத்தி, ஒவ்வொரு ஊரிலும் இந்தத் துறைகள் ஒன்றாக உட்கார்ந்தே தீர வேண்டும் என்று ஆக்கினார்கள். நமக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தப்பு செய்த சிறுவர்களுக்கான சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெரும்பகுதி பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றியது.

அந்தச் சட்டத்தின் நடுநாயகம் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். பாதுகாப்புத் தேவைப்படும் எந்தக் குழந்தையாக இருந்தாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழு மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். கூடாத நாளிலும் ராத்திரியிலும் ஒரு உறுப்பினரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். குழந்தை வீட்டுக்குப் போகலாமா, இல்லத்தில் இருக்க வேண்டுமா, உறவினரிடம் விடலாமா என்று முடிவெடுப்பது இவர்கள்தான். இது போலீஸ் நிலையத்திலோ கட்சி அலுவலகத்திலோ பேசி முடிக்கிற விஷயம் இல்லை. குழுவுக்குக் கைகால் போல வேலை செய்வது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு: வீட்டுக்குப் போய் விசாரிப்பது, ஆலோசனை தருவது, உதவித்தொகைக்கு எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாமல் ஒரு குழந்தை நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். உங்கள் நிலையத்தில் அவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகையில் எழுதிப்போட்டிருக்க வேண்டிய பெயர் அது.

இந்த முழு ஏற்பாட்டையும் நகர்த்தும் பொத்தான் 1098. 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்துவந்த அந்தச் சேவையை 2023 முதல் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அரசே நடத்துகிறது, அவசர உதவி எண் 112-உடன் இணைத்தும் விட்டார்கள். கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, குழந்தையே கூப்பிடலாம். கூப்பிடுகிறவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, குழந்தைக்கு என்ன வயதிருக்கும், இப்போது ஆபத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள். இப்போதே ஆபத்து என்றால் நேராக 112. எல்லைக் குழப்பம் உங்கள் தலைவலி இல்லை என்பதுதான் இதில் முக்கியம். ஆவடியா திருவள்ளூரா என்று பிரிக்க வேண்டியது அவர்கள்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. "உறுதியாத் தெரியாம எப்படிங்க சொல்றது, நாளைக்கு நம்ம பேரு கெட்டுடும்" என்று தள்ளிப்போடுவது. சட்டம் உறுதியைக் கேட்கவில்லை. போக்சோ 19-வது பிரிவு, குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மாறாக, தெரிந்தும் மறைத்தால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. மறைத்தவர் ஒரு நிறுவனத்தின் தலைவர், மறைத்தது தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை என்றால் ஒரு வருடம் வரை. பள்ளி மானம் போய்விடும் என்று மூடி மறைக்கும் நிர்வாகங்கள் இந்த வரியைத் தங்கள் அறையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். புகாரை எழுதிக்கொள்ள மறுக்கும் போலீஸ்காரருக்கும் அதே ஆறு மாதம் பொருந்தும்.

புகார் கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றிய பயம்தான் பல அம்மாக்களை வாசலோடு நிறுத்துகிறது. ஸ்டேஷனில் பிள்ளையை உட்காரவைத்து விடியவிடிய கேள்வி கேட்பார்களே என்ற பயம். அப்படிச் செய்யக் கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வாங்குவது கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையை மருத்துவப் பரிசோதனை செய்வது பெண் மருத்துவர், பக்கத்தில் பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ இருக்கலாம். குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது என்றால் மொழிபெயர்ப்பாளர் கொடுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ஒடியாவும் இந்தியும் அசாமியும் பேசும் குடும்பங்கள் பெருகியிருக்கும் இந்தப் பகுதியில், ஏட்டில் இருக்கும் இந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் சில மணி நேரம் முக்கியம். அந்த நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்வதும் துணியைத் துவைப்பதும் அம்மா மனசுக்கு இயல்பாக வரும். செய்யாதீர்கள். உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. இன்னொன்று: பிள்ளையிடம் ஆளாளுக்கு விசாரிக்காதீர்கள், சித்தி ஒருமுறை, பாட்டி ஒருமுறை, கவுன்சிலர் ஒருமுறை என்று. ஒவ்வொரு தடவையும் அவள் அதை மறுபடி அனுபவிக்கிறாள். சொல்லும் வார்த்தை மாறினால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே பிடி.

போலீஸ் போக்சோ வழக்கைப் பதிந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வரியில்தான் காவல்துறையும் நலத்துறையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியாது. குழுவுக்குத் தகவல் போனால்தான் குடும்பத்துக்கு ஒரு ஆதரவு நபர் கிடைப்பார்; வழக்கு முடியும்வரை கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வருவது, வாய்தா எப்போது என்று சொல்வது, நிவாரணத்துக்கு மனு எழுதுவது அவர் வேலை. போக வர, சாப்பாட்டுக்கு, துணிமணிக்கு உடனடித் தொகை கொடுக்கும்படி பரிந்துரைக்கும் அதிகாரமும் 2020-ம் ஆண்டு விதிகளில் குழுவுக்கு உண்டு. ஒரு வாரத்துக்குள் அந்தப் பணம் வர வேண்டும். தினக்கூலிக் குடும்பம் வழக்கை நடுவில் விட்டுவிடுவதற்குப் பாதிக் காரணம் பஸ் காசுதான் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"எங்க லிமிட் இல்லம்மா" என்பது போலீஸ் நிலையத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். திருநின்றவூர் மாதிரி எல்லை ஊர்களில் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மறுத்தால் ஆணையருக்கோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு; 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். குழந்தை காணாமல்போன வழக்கில் "ஒரு நாள் பாருங்க, வந்துடுவா" என்பதற்கும் இடமில்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், காணாமல்போன ஒவ்வொரு குழந்தையும் கடத்தப்பட்டதாகவே கருதி உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்து வந்த ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை மாவட்டமே அறியும். கண்காணிப்பு கேமராவில் ஆள் தெரிந்தும் கைது செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்களும் படங்களும் இன்னொரு குற்றம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ 23-வது பிரிவில் தண்டனைக்குரியது. இதே மாவட்டத்தில் 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவன் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. நம் கோபத்துக்குக் குறைவில்லை, அது போகும் திசைதான் தப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எந்த ஆண்டு எடுத்துப் பார்த்தாலும், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். அறிமுகமில்லாத வடமாநிலத்தவரைத் தெருவில் துரத்துகிற நாம், பகலில் வந்துபோகும் மாமாவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பள்ளிக்குத் திரும்புவோம். சென்னையில் 2021-ல் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மீது பாலியல் புகார் வெடித்த பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் பிரதிநிதிகள், அலுவலகப் பணியாளர் எல்லாம் அதில் உண்டு. 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியும் வைத்தார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். குழுவில் இருக்கும் பெற்றோர் யார்? பெட்டியின் சாவி யாரிடம்? சாவி தலைமை ஆசிரியர் மேசை டிராயரில் இருந்தால், அவரைப் பற்றிய துண்டுச்சீட்டு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திருநின்றவூர்ப் பிள்ளைகளுக்கு இருந்த நெருக்கடி இதுதான். பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒரு எண்ணும் ஒரு முகமும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி கைக்குழந்தைகள். இவர்களால் 1098-ஐக் கூப்பிட முடியாது.

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், அரசுப் பணியிலிருந்து விலகிய ஒரு செவிலியர் பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசும் ஒலிப்பதிவு ஊரெல்லாம் பரவியது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது, இடைத்தரகர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் கைதானார்கள். 2021-ல் மதுரையில் ஒரு காப்பகம், குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரித்துவிட்டு விற்றது வெளியே வந்தது. 2023-ல் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரே குழந்தை விற்பனை வழக்கில் கைதானார். இவை வேறு வேறு ஊர்க் கதைகள், ஆனால் ஓட்டை ஒன்றுதான். பிரசவம் பார்க்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் உள்ளாட்சிக்கும் நடுவில் ஒருவரும் சரிபார்க்காத ஒரு இடைவெளி இருந்தால், அதன் வழியாக ஒரு குழந்தை வேறு அம்மாவின் பெயரில் பதிவாகிப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணியைச் சுகாதாரத்துறை பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது என்று ஆக்கியதன் பயன் இங்கே தெரியும்: சுகாதாரத்துறையின் பதிவும் நகராட்சியின் பதிவும் ஒன்றோடொன்று பேச வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், பிறந்த குழந்தை ஒரு மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால் முதல் நடவடிக்கையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றது.

வாங்குபவர்கள் தங்களைக் குற்றவாளிகளாக நினைப்பதில்லை. "வேண்டாம்னு போடுற குழந்தைக்கு நாங்க வாழ்க்கை குடுக்கிறோம்" என்பார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவுக்கு விற்பவரும் வாங்குபவரும் ஒன்றுதான்: ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனைப் பணியாளர் செய்தால் மூன்று முதல் ஏழு வருடம். இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி உறவுக்குள் பிள்ளை கொடுப்பது வேறு விஷயம். அதிலும் பணம் கைமாறினால் குற்றம். மற்றபடி மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையப் பதிவு ஒன்றே வழி. சில வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் விலைக்கு வாங்கிய குழந்தையை அந்த வீட்டிலிருந்து போலீஸ் தூக்கிக்கொண்டு போகும் நாளில், அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது பிரிவு.

வளர்க்க முடியாத அம்மாவுக்கு என்ன வழி? 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது பெண் சிசுக்கொலையைத் தடுக்க. இன்றைக்கும் முள்புதரிலும் ரயில் பெட்டியிலும் விட்டுப்போகிற குழந்தைகளைப் பற்றிச் செய்தி வருகிறது. குழந்தைகள் நலக் குழுவிடம் நேராகப் போய், காரணத்தைச் சொல்லி, குழந்தையை ஒப்படைக்கலாம். அதற்கு யாரும் கைது செய்யமாட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குள் வந்து கேட்டால் குழந்தையைத் திருப்பி வாங்கலாம். வறுமைதான் காரணம் என்றால் ஒப்படைப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது நிதி ஆதரவு: மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். அப்பா அம்மா இருவரும் இல்லாத, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்காகத் தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது, மாதம் 2,000. தெருவில் கிடக்கும் குழந்தையைக் கண்டெடுத்தவர், பாவம் பார்த்துத் தானே வளர்த்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ போலீசுக்கோ குழுவுக்கோ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் தண்டனைக்குரியது.

இந்த இடத்தில் சட்டமே ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் கர்ப்பமான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் போக்சோ புகார் தானாகக் கிளம்பும். அது தெரிந்த குடும்பங்கள் அவளை ஆஸ்பத்திரிப் பக்கமே கூட்டிவருவதில்லை. மருந்துக்கடை மாத்திரை, இல்லையென்றால் வீட்டிலேயே பிரசவம். பாதுகாப்புக்காக வந்த சட்டம் சில பிள்ளைகளை இருட்டுக்குள் தள்ளுகிறது என்பதைத் துறைகள் ஒப்புக்கொண்டு பேச வேண்டும். கருக்கலைப்பைப் பொறுத்தவரை ஒரு கதவு திறந்திருக்கிறது: 2022 செப்டம்பர் தீர்ப்பில், சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிறுமிகளுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புக்கு இடமுண்டு. நர்சம்மாக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாலே சில உயிர்கள் பிழைக்கும்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லி இதிலிருந்து நழுவுவது வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன கற்பனை வீட்டு அம்மாவின் கம்பெனி காப்பகம் வைத்திருந்தால், எட்டாம் வகுப்பு அக்கா பள்ளியில் இருந்திருப்பாள். செங்கல் சூளைகளும் இதே மாவட்டத்தில்தான். 2011-ல் ஒரே சூளையிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். சூளையில் கல் திருப்பிப்போடும் பிள்ளை எந்தப் பள்ளியின் எமிஸிலும் இல்லை, எந்த அங்கன்வாடிப் பதிவிலும் இல்லை. வருவாய்த்துறை, தொழிலாளர் துறை, கல்வித்துறை மூன்றும் ஒரே ஜீப்பில் போனால்தான் அந்தப் பிள்ளை கண்ணில் படும்.

அந்த ஒரே மேசை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். மாவட்டத்தில், ஊராட்சி ஒன்றியத்தில், கிராமத்தில், நகரத்தில் வார்டு அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூட வேண்டும் என்பது மிஷன் வாத்சல்யா திட்டத்திலேயே இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதி, அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், செவிலியர், போலீஸ் எல்லோரும் அதில் உட்கார வேண்டியவர்கள். எமிஸில் ஒன்று, போஷன் டிராக்கரில் ஒன்று, நர்சம்மா பதிவில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவை சேர வேண்டிய இடம் இதுதான். எதிர்வீட்டு அம்மா வாய் திறக்க வேண்டிய இடமும் இதுதான். பல ஊர்களில் இந்தக் கூட்டம் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு நோட்டு போய் வருகிறது, ஆட்கள் கூடுவதில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, என்ன தீர்மானம் போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்கலாம். குழந்தைகளின் பெயரை மறைத்துவிட்டுத் தர அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

குழந்தைகள் நலக் குழுவே சரியாக நடக்கவில்லை என்றால் யாரிடம் போவது? இளைஞர் நீதிச் சட்டத்தின் 27-வது பிரிவு அதற்கு ஆட்சியரைப் பொறுப்பாக்கியிருக்கிறது. குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் கேட்டுத் தீர்க்க வேண்டியவர் அவர். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் ஆட்சியரகத்துக்குப் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் போகும் கூட்டத்தோடு இந்த மனுவையும் கொண்டு போகலாம். மனு எண் போட்ட ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகலைத் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பிவிட்டால், இரண்டு அலுவலகமும் ஒரே காகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.